வீல் ஹோர்ஸ் சி-120: குளிரில் கியர் இறுகுது, ஸ்டார்ட்டர் திருப்பி அடிக்குது, ஒயில் கசியுது

கவார்த்தாக்குளிர்:

வணக்கம். இடம் ஒன்ராறியோவில லின்ட்சே பக்கம். மெசின் 1970களில வந்த வீல் ஹோர்ஸ் சி-120 தோட்ட டிராக்டர். கோலர் கே301 எஞ்சின், 12 குதிரைவலு, எட்டு கியர். முன்னுக்கு 42 அங்குல பிளேடு பூட்டியிருக்கு. பனி வீசுற ஒற்றைக்கட்ட மெசினும் கைவசம் இருக்கு. டிரைவ்வே நீளமான கிரவல் பாதை, நடுவில சின்ன ஏற்றம்.

கோடையில ஒரு குறையும் இல்லை. -15க்குக் கீழே போனால்தான் கரைச்சல். காலமை கியர் தடி அசையாது, மத்தியானம் வெயில் பட்டால் அசையும். ஸ்டார்ட்டர் அரைச்சுற்றுச் சுத்திட்டு பின்னுக்கு உதைக்குது, சில நேரம் மோட்டர் மட்டும் வெறுமனே சுத்துது. எஞ்சின் ஓடி இருபது நிமிசத்தில கிராங்க் தண்டைச் சுத்தியிருக்கிற ஒயில் சீல் பக்கமா ஒயில் கசியுது. கோடையில அந்த இடம் காய்ஞ்சு கிடக்கும். சீலை மாத்த வேணுமோ? என்ன ஒயில், சில்லு வழுக்காமலிருக்க எவ்வளவு பாரம், எந்தச் சங்கிலி எண்டும் சொல்லுங்கோ.

வார்ப்பிரும்பு:

தம்பி, சீலை இப்ப தொடாதேங்கோ. மூண்டு கரைச்சலில இரண்டுக்குத் தண்ணிதான் காரணமெண்டு படுது.

முதல்ல கியர் பெட்டி. தடியைச் சுத்தியிருக்கிற ரப்பர் உறை வெடிச்சிருக்குதோ பாருங்கோ. வெளியில நிக்கிற வீல் ஹோர்சில மழைத்தண்ணி உள்ளுக்கு இறங்கிறது அந்த வழியாலதான். தண்ணி ஒயிலிலும் பாரம் எண்டபடியால் அடியில தங்கி, குளிரில கட்டியாகும். அந்த நேரம் தடியை அடிச்சு நெம்பினால் உள்ளுக்குக் கியர் மாத்திற பாகங்கள் கெடும். அந்தப் பாகம் இப்ப பழைய மெசினைக் கழட்டித்தான் எடுக்க வேணும்.

மெசினை ஒரு நாள் பூச்சியத்துக்கு மேல சூடுள்ள இடத்தில விடுங்கோ, ஐஸ் உருக வேணும். பிறகு அடியில இருக்கிற வடி ஆணியை மெல்லத் தளர்த்துங்கோ. தண்ணி இருந்தால் அதுதான் முதல்ல வரும், பின்னால சாம்பல் நிறத்தில பால் மாதிரி ஒயில் வரும். முழுக்க வடிச்சிட்டு ஒரு லீட்டர் டீசல் ஊத்துங்கோ. பின் சில்லு இரண்டையும் ஜாக்கியில தூக்கி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிப்போட்டு, ஒவ்வொரு கியராப் போட்டுச் சில்லைக் கையால சுத்துங்கோ. வடியுங்கோ. டீசல் தெளிவா வரும்வரை திருப்பிச் செய்யுங்கோ. ஒரு இரவு ஆணி திறந்தபடி கிடக்கட்டும், பிறகு கியர் ஒயில். எட்டுக் கியர் பெட்டிக்கு 2 குவார்ட், அதாவது 1.9 லீட்டர் அளவு பிடிக்கும். எஸ்ஏஇ 90 தடிப்புள்ள ஒயில் பழைய கணக்கு. உங்கட குளிருக்கு 75டபிள்யூ-90 சிந்தெற்றிக் நல்லா ஓடும். புது ரப்பர் உறை போடாமல் ஒயில் மாத்திறதில பிரயோசனம் இல்லை.

ஸ்டார்ட்டர் உதைக்கிறதுக்கு, குளிரில தடிச்ச ஒயிலையும் பலம் குறைஞ்ச பற்றரியையும் தவிர இன்னொரு காரணம் உண்டு. இந்த எஞ்சினில ஸ்டார்ட் பண்ணும்போது எக்ஸோஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கி அமுக்கத்தைக் குறைக்கிற அமைப்பு கேம் தண்டில இருக்கும். வால்வு இடைவெளி கூடிப்போனால் அதால வால்வைத் தூக்க ஏலாது. பிளக்கைக் கழட்டாமல், வயரை மட்டும் கழட்டிப்போட்டு, ஃப்ளைவீலைக் கையால சுத்திப் பாருங்கோ. ஓடுற திசையில இலேசாவும் எதிர்த்திசையில இறுக்கமாவும் இருந்தால் அது வேலை செய்யுது. இரண்டு பக்கமும் இறுக்கமெண்டால் இடைவெளியை அளக்க வேணும். குளிர்ந்த எஞ்சினில இன்டேக் 0.008 முதல் 0.010 அங்குலம், எக்ஸோஸ்ட் 0.017 முதல் 0.019. கே301இல டாப்பெற் திருகாணியால சரிப்படுத்தலாம், வால்வைத் தேய்க்கத் தேவையில்லை.

பொயின்ற், அதாவது ஸ்பார்க் விழ வைக்கிற தொடுமுனை, அதின்ர இடைவெளி 0.020 அங்குலம். அது கூடினால் ஸ்பார்க் முந்தி விழும், முந்தினால் உதைக்கும். பிளக் இடைவெளி 0.035.

மோட்டர் வெறுமனே சுத்திறது ஸ்டார்ட்டரின்ர பல்லுச்சில்லு வழுக்கி முன்னுக்கு வராததால. யாரோ அந்தச் சுருள் தண்டில கிறீஸ் பூசியிருப்பினம். பெற்றோலால கழுவிக் காயவிட்டு, உலர் மசகு மட்டும் அடியுங்கோ. கிறீஸ் அந்த இடத்துக்கு ஆகவே ஆகாது.

மிச்சிகன்_பட்டறை:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆயில் கசிவு பற்றி நான் சேர்க்கிறேன், அதுதான் இதில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் விஷயம்.

பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங் தாண்டி கிராங்க்கேஸுக்குள், அதாவது ஆயில் இருக்கும் எஞ்சின் அடிப்பெட்டிக்குள் வரும். கோடையில் ஆயில் சூடாகி அதை வெளியே துரத்திவிடும். குளிர்காலத்தில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஆவி உள்ளேயே தண்ணீராகிறது, எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் வழியில் போய் உறைகிறது. பிரீதரில் இருக்கும் மெல்லிய ரீட் தகடு காற்றை வெளியே மட்டும் விடும், அதனால்தான் கிராங்க்கேஸில் எப்போதும் லேசான வெற்றிடம் இருக்கும். அந்த வழி ஐஸால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலைக்கூடத் தாண்டி ஆயிலைத் தள்ளும். சீலை மாற்றினால் புது சீலும் கசியும்.

இந்த எஞ்சினில் பிரீதர் மூடிதான் வால்வு மூடியும். ஆக வால்வு இடைவெளி பார்க்க எப்படியும் அதைக் கழற்றத்தான் போகிறீர்கள். கார்பரேட்டரை எடுத்துவிட்டால் கை நன்றாகப் போகும். கழற்றும்போது ஒவ்வொரு தகடும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். ரீட் தலைகீழாகப் போனால் இதே கசிவு கோடையிலும் வரும். வலையை மண்ணெண்ணெயில் கழுவுங்கள், ஆயில் திரும்பி வடியும் சின்ன ஓட்டை திறந்திருக்கிறதா பாருங்கள், புது கேஸ்கெட் போடுங்கள்.

எஞ்சின் ஆயில்: பூஜ்யத்துக்கு மேல் எஸ்ஏஇ 30, அதற்குக் கீழே 10டபிள்யூ-30, -18க்குக் கீழே 5டபிள்யூ-30. சுமார் 2 குவார்ட் பிடிக்கும், ஆனால் ஆயில் மட்டம் பார்க்கும் கோல் காட்டும் அளவுதான் முடிவு. 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், குறுகிய ஓட்டம்தான் என்றால் இன்னும் சீக்கிரம். கோலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், ஒன்று சோக்கை அதிக நேரம் மூடி ஓட்டுகிறீர்கள், அல்லது ஃபியூயல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. இரண்டாவது என்றால் பம்பைச் சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள்.

ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் குறைந்தது அரை மணி நேரம் வேலை வாங்குங்கள். சும்மா ஐட்லிங்கில் விட்டால் ஆயில் சூடாகாது. சூடேற்றும்போது கராஜ் கதவைத் திறந்து மெசினை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

ஆயில் சட்டியில் ஒட்டும் காந்த ஹீட்டர் வாங்குவதற்கு முன் ஒரு சாதாரணக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமினியச் சட்டி என்றால் ஒட்டாது, பசையால் ஒட்டும் சிலிக்கான் தகடு ஹீட்டர்தான் வழி.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும், அந்த நிலையில் உங்கள் குளிரில் உறையவே உறையாது. தீர்ந்துபோன பேட்டரி -10 சுற்றிலேயே உறைந்து வெடிப்பு விடும். உறைந்ததை ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள். கிரவுண்ட் வயர் சேஸியில் சேரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்துவிடுங்கள்.

சில்லுச்சங்கிலி:

பிடிப்புப் பற்றி. கிரவலும் ஏற்றமும் எண்டால் சங்கிலி இல்லாமல் முடியாது. 23×8.50-12 ரயருக்கு இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி வாற வகையை வாங்குங்கோ. நாலு கண்ணி வகை மலிவு, ஆனால் குறுக்குச் சங்கிலிக்கு நடுவில ரயர் இறங்கி இறங்கி ஏறும், ஒரு இடத்தில நிண்டு சுத்தினால் அந்த இடைவெளியிலேயே குழி தோண்டும். பூட்டி நூறு மீற்றர் ஓட்டினாப் பிறகு திரும்ப இறுக்குங்கோ.

பாரம்: சில்லுக்கு 50 பவுண்டு வார்ப்பிரும்பு. அதோட ரயருக்குள்ள திரவம். வால்வை உச்சியில வைச்சு அந்த மட்டம்வரை, முக்கால் பங்கு. ஒரு ரயருக்கு 25 லீட்டர் அளவு போகும். கல்சியம் குளோரைட் பாரம் கூட, ஆனால் ட்யூப் கசிஞ்சால் ரிம்மைத் தின்னும். இந்த வயசு ரிம்முக்கு அது வேண்டாம். -40 வரை தாங்கிற கண்ணாடி கழுவும் திரவம் போதும். காசு செலவழிக்கலாமெண்டால் பீற்ரூட் சாறு வகை, பாரமும் கூட, துருவும் இல்லை.

பிளேட்டின்ர அடி விளிம்பு கிரவலை வாரும். நீளவாக்கில கீறின பைப் ஒண்டை அந்த விளிம்பில செருகிவிட்டால் மேல வழுக்கிப் போகும். நிலம் நல்லா உறைஞ்சாப் பிறகு கழட்டலாம். முதல் பனிக்கே பாதையை விடக் கூடுதலா அகலமாத் தள்ளி வையுங்கோ. ஓரத்தில குவிஞ்ச பனி கட்டியாகினால் ஜனவரியில அதைத் தள்ள இந்த மெசினால ஏலாது.

பனி வீசிறதுக்கு எஞ்சின் முழு வேகம், நிமிசத்துக்கு 3600 சுற்று, சில்லு மட்டும் முதல் கியர். ஈரப்பனி குழாயில அடைக்கிறது சுற்றுக் குறையிறதால. குழாய் உட்பக்கம் துருவைத் தேய்ச்சு பெயின்ற் அடிச்சு மெழுகு பூசுங்கோ. அடைச்சால் எஞ்சினை நிப்பாட்டி, பிளக் வயரைக் கழட்டி, தடியால குத்துங்கோ. கை வேண்டாம்.

கவார்த்தாக்குளிர்:

எல்லாருக்கும் நன்றி. கியர் பெட்டியை வடிச்சன். ஒரு கோப்பை நிறையத் தண்ணி, உறையும் வெடிச்சுத்தான் இருக்கு. ஃப்ளைவீல் இரண்டு பக்கமும் இறுக்கம், வார இறுதியில வால்வு மூடி கழட்டுறன். இன்னொண்டு: வேலை முடிஞ்சு நிப்பாட்டினால் அடுத்த நாள் பிரேக் விடுகுதில்லை, பிளேடும் நிலத்தோட ஒட்டிக்கொள்ளுது.

வார்ப்பிரும்பு:

பிரேக் பட்டை ஈரமாகி டிரம்மோட உறையுது. பிரேக் போட்டு விடாதேங்கோ. கியரில விட்டு, பிளேட்டை இரண்டு பலகைத் துண்டுக்கு மேல இறக்குங்கோ, மெசினும் நகராது, விளிம்பும் ஒட்டாது. நிப்பாட்ட முந்தி பனி வீசியை ஒரு நிமிசம் வெறுமனே ஓடவிட்டு உள்ள பனியை எறியுங்கோ. இல்லாட்டி அடுத்த நாள் அது உறைஞ்சு நிக்க, பெல்ட் எரியும்.

ஃப்ளைவீல் வலையிலயும் சிலிண்டர் தலைச் செட்டைகளிலயும் பனி ஒட்டியிருந்தால் தூரிகையால தட்டுங்கோ. காற்று வடிகட்டி ஈரமெண்டால் உள்ளுக்குக் கொண்டுபோய்க் காயவையுங்கோ, நனைஞ்ச காகிதம் காத்தை விடாது, கரும்புகை வரும். டாங்கியை நிரப்பி வையுங்கோ, வெறும் இடத்திலதான் ஈரம் வேர்க்கும். பெற்றோல் கெடாமல் காக்கிற சிவப்பு ஸ்டேபில் எண்டால் 10 லீட்டருக்கு 30 மில்லி. இரண்டு கிழமைக்கு மேல பனி இல்லையெண்டால் பெற்றோல் வால்வைப் பூட்டி, எஞ்சின் தானா நிக்கும்வரை ஓடவிடுங்கோ.