சேசிஸ் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். தம்பிக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய யமஹா கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) 3,200 வெள்ளிக்கு வருகிறது. அம்மா கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணம்) எடுத்துத் தருகிறார், ஏமாந்துவிடக் கூடாது.

சேசிஸ் எண்ணில், அதாவது வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணில், 17 இடங்கள். பிஎம் (PM) என்று தொடங்குவதால் மலேசியாவில் பாகங்களைப் பூட்டித் தயாரித்த வண்டி, அது சரி. பத்தாவது எழுத்து ஜே (J). ஆண்டுக் கணக்கின்படி அது 2018, ஆனால் கெரானில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) 2016 என்று இருக்கிறது! பத்தாவது இடத்தில் ஆண்டைக் குறிப்பது அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளில்தான் கட்டாயம். இங்கே கம்பெனிக்குக் கம்பெனி மாறுமா?

இன்னொன்று. ஓரிடத்தில் சுழியமா, ஓ எழுத்தா என்று குழம்பினேன். இந்த எண்ணில் ஐ, ஓ, கியூ மூன்றும் வராது, அதனால் சுழியம்தான். ஆனால் அந்த இடத்தில் மட்டும் இரும்பு தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கிறது. அதுதான் மனதை உறுத்துகிறது.

யமஹா வைத்திருப்பவர்கள் உங்கள் வண்டியின் பத்தாவது எழுத்தையும் கெரானில் உள்ள ஆண்டையும் மட்டும் சொல்லுங்கள், முழு எண் வேண்டாம். இப்படித் தேய்ந்த எண்ணோடு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றப் போனவர்கள் இருந்தால் என்ன நடந்தது என்று அவசியம் எழுதுங்கள். சனிக்கிழமை முன்பணம் கேட்கிறார்கள்.