மழைக்காலம்: கார் போர்ச்சில் வலை கட்டி கோல்ஃப் அடிக்கலாமா?

செம்பனைக்காட்டான்
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தெர்ராஸ் (வரிசை) வீடு. அக்டோபர் பிறந்ததிலிருந்து வேலை முடிகிற நேரம் பார்த்து மழையும் இடியும் வந்துவிடுகின்றன. இடி சைரன் அடித்தால் கோல்ஃப் திடலில் யாரையும் இறங்க விடுவதில்லை. கார் நிறுத்தும் போர்ச் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், சிமெண்ட் தரை. மீன்வலை கட்டி அடித்தால் தாங்குமா?

லயத்து அயர்ன்
மீன்வலை வேண்டாம் தம்பி. பந்தின் விட்டம் 42.67 மி.மீ. வலைக்கண் அதைவிடப் பெரிதாக இருந்தால் பந்து நேரே வெளியே போய்விடும். சின்னக் கண்ணாக இருந்தாலும் மெல்லிய நைலான் நூல் ஒரே இடத்தில் அடி வாங்கி அறுந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத கண்ணும் முறுக்கிய தடித்த நூலும் உள்ள கோல்ஃப் வலையே வாங்குங்கள்.

அதை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பந்து உங்கள் மேலேயே திரும்பி வரும். மேலே மட்டும் கட்டித் தொளதொளவென்று தொங்க விடுங்கள். பின்னால் ஒரு சாண் இடைவெளியில் பழைய கம்பளி ஒன்று தொங்கட்டும். கீழே பாரத்துக்கு பிவிசி குழாய் கோக்கவே கூடாது; தாழப் போகும் பந்து அதில் பட்டால் முழங்காலுக்கு வரும். அடியில் மிஞ்சும் வலையை உங்கள் பக்கமாக மடித்துப் போட்டாலே பந்து நின்றுவிடும். கம்பிச் சட்டம் வைத்தால் ஏர்கோன் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை அதில் சுற்றிவிடுங்கள்.

வலைக்குப் பின்னால் அரை மீட்டர், வலைக்கும் பந்துக்கும் இரண்டரை, மட்டை பின்னால் போக இரண்டு: உங்கள் 5 மீட்டர் சரியாகப் போய்விடும். வீட்டுச் சுவரைப் பார்த்து அடியுங்கள், சாலையைப் பார்த்து வேண்டாம். பந்து வைக்காமல் மிக நீளமான மட்டையான டிரைவரை மெதுவாகச் சுழற்றி விளக்கு, தூண் எதிலும் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பச்சைப் பாய்
வலை கட்டுங்கள், ஆனால் மழைக்காலத்தில் பட்டிங்தான் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) அதிகப் பலன் தரும். வலையில் பந்து வளைந்ததா, எவ்வளவு தூரம் போனது என்று எதுவும் தெரியாது. பட்டிங்கில் தப்பு உடனே கண்ணில் படும். குழியின் அகலம் 10.8 செ.மீ. பந்து ஒரு டிகிரி விலகிக் கிளம்பினாலே 3 மீட்டரில் 5 செ.மீ. தள்ளிப் போய்விடும், நடுவைக் குறிவைத்த பந்து விளிம்பைத்தான் தொடும்.

டைல்ஸில் வேண்டாம், பந்து நிற்காமல் ஓடும், இணைப்புக் கோட்டில் பட்டுத் திசை மாறும். கல்யாண மண்டபத்தில் விரிக்கிற ஃபெல்ட் கார்ப்பெட் 3 மீட்டர் போதும். சுருட்டி வைத்தால் மடிப்பு விழும், கட்டிலுக்கடியில் விரித்தபடியே போட்டு வையுங்கள். பந்துக்கு அரை மீட்டர் முன்னால் இரண்டு நாணயங்களை, பந்து மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு வையுங்கள். எந்த நாணயத்தில் பட்டாலும் பட்டரின் (உருட்டிவிடும் மட்டையின்) முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

செம்பனைக்காட்டான்
நன்றி அண்ணே, நன்றி. சிமெண்டில் சும்மா ஒரு மெல்லிய பாய் விரித்தால் போதாதா?

லயத்து அயர்ன்
போதாது, முழங்கையும் மணிக்கட்டும் கெடும். மெல்லிய பாய் வேறு விதத்திலும் ஏமாற்றும்: பந்துக்கு முன்பே மட்டை தரையில் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடிக்கும், நல்ல அடி போலவே கேட்கும். அதே அடி ஈரப் புல்லில் மண்ணில் புதைந்து நின்றுவிடும். புல் விரிப்புக்கு அடியில் தடித்த ரப்பர் போடுங்கள், நிற்கிற இடத்தையும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள். பந்துக்கு ஒரு சாண் பின்னால் சின்னத் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். துண்டு நகர்ந்தால் முன்கூட்டியே தரையில் இறங்குகிறீர்கள்.

வெள்ளைப் பலகை மார்க்கரால் பந்தில் புள்ளி வைத்து, அது மட்டையைப் பார்க்கும்படி திருப்பி அடித்தால் எங்கே பட்டது என்று மட்டையின் முகத்தில் ஒட்டிக் காட்டும். முடிந்ததும் பையைப் போர்ச்சில் விடாதீர்கள், சாரலில் அயர்ன் மட்டைகள் துருப்பிடிக்கும். நனைந்த கையுறையை வெயிலில் போட்டால் தோல் விறைத்துவிடும், நிழலில் விரித்துக் காயப்போடுங்கள்.