சொந்த சேனல் இருந்தால் ஓட்டு விழுமா?

அரசமரம்:
மாநிலக் கட்சிகளுக்கு ஓட்டு சேர்த்துக் கொடுப்பது மாநில மொழி ஊடகம்தான், இதுதான் என் வாதம். ஆந்திராவில் ஈநாடு என்ற தெலுங்கு நாளிதழ் 1974-ல் வந்தது. தெலுங்கு தேசம் கட்சி 1982 மார்ச்சில் பிறந்தது, 1983 ஜனவரியில் என்.டி.ஆர். முதல்வர். பத்து மாதம்கூட ஆகவில்லை! சைதன்ய ரதம் என்று வேனை எடுத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போனதை அந்தப் பேப்பர் தூக்கிப் பிடிக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

குறுக்குச்சால்:
என்.டி.ஆர். முகத்தை ஜனங்கள் அதற்கு முன்பே முப்பது வருஷமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். சரி, தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 2011-ல் சன் டிவி, கலைஞர் டிவி ரெண்டும் திமுக பக்கம், அதற்கு முன்பே வீடு வீடாக இலவசக் கலர் டிவியும் கொடுத்தாயிற்று, அதாவது பெட்டியும் அவர்கள் கொடுத்தது, அதற்குள் பேசியதும் அவர்கள் ஆள். கிடைத்தது 23 இடம். (மின்வெட்டில் பெட்டியே ஓடவில்லை என்பது வேறு விஷயம்.)

அரசமரம்:
தோற்றதை மட்டும் எண்ணினால் எப்படி? 2001 ஜூனில் கருணாநிதியை நள்ளிரவில் கைது செய்த காட்சியை சன் டிவி எத்தனை தடவை போட்டது! 2004-ல் 39 தொகுதியும் திமுக கூட்டணிக்கு.

குறுக்குச்சால்:
நடுவில் 2003-ல் ஒன்றரை லட்சத்துக்கும் மேலான அரசு ஊழியர்களை ஜெயலலிதா வேலையை விட்டு நீக்கினாரே, அது எந்த சேனல் செய்த வேலை? காங்கிரஸ், பாமக, மதிமுக, இடதுசாரிகள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றதும் கணக்கில் வராதா?

வேடிக்கைக்காரன்:
ரெண்டு பேரும் ஓட்டரையே பார்க்கிறீர்கள். ஆந்திராவில் ஜெகன் தரப்பு சேனலான சாக்‌ஷி 2019-லும் இருந்தது, 2024-லும் இருந்தது, 151 இடம் 11 ஆனதை அதனால் தடுக்க முடியவில்லை. ஆனால் தோற்ற கட்சிக்காரன் ஐந்து வருஷம் சோர்ந்து போகாமல் இருக்க, நம் ஆளும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று தினமும் பார்க்க அவனுக்கு ஒரு சேனல் வேண்டும். அவன் சோர்ந்துவிட்டால் அடுத்த தேர்தலில் பூத்தில் உட்கார ஆள் கிடைக்காது.

அரசமரம்:
அவ்வளவுதான் பயன் என்றால் ஆட்சிக்கு வருகிறவர்கள் கேபிளைக் கையில் எடுப்பது ஏன்? 2011-ல் அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குக் கொண்டுவந்தபோது தொடக்கத்தில் சன் டிவி அதில் கிடையாது. செல்லாக்காசுக்கு யாராவது பூட்டு போடுவார்களா?

குறுக்குச்சால்:
அரசியல்வாதிக்குப் பயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அவர் பயப்படுவதால் ஓட்டர் மாறிவிட்டார் என்று ஆகிவிடாது. 1999-லிருந்து ஜெயா டிவி இருந்தும் 2006-ல் அதிமுக ஆட்சி போனதே, அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள், அப்புறம் பூட்டைப் பற்றிப் பேசலாம்.