கம்போஸ் தோங் (கழிவ மக்க வெச்சி உரமாக்குற பீப்பா) நாறுது, யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம் அக்கா அண்ணன்மாரே, நான் மலேசியா, நெகிரி செம்பிலான்ல பகாவ் பக்கம். உரத்துக்கும் கீரைக்கும் போற காச மிச்சம் பண்ணலாம்னு பழைய தண்ணி தோங் ஒண்ணுல அடியில ஓட்ட போட்டு, காய்கறி தோலு, தேத்தூளு சக்கை, முட்டை ஓடு எல்லாம் போட்டுக்கிட்டு வரேன், முதல் மூணு மாசம் ரொம்ப நல்லா வந்துச்சி, மண்ணு கறுப்பா, மழை பேஞ்ச தோட்டத்து வாசம்! அந்த மண்ணுல வெச்ச கத்திரி இன்னும் காய்க்குது.

ரப்பர் எல உதிர்ந்தப்ப ஒரு கோணி அள்ளி வெச்சி கழிவோட சேத்து போட்டுக்கிட்டிருந்தேன், அந்த காஞ்ச எல முடிஞ்சதுலருந்துதான் பிரச்சன. இப்ப தினம் மழை வேற. தொறந்தா ஒரே ஈரம், அழுகுன வாட, வெள்ள புழு நெளியுது, பக்கத்து வீட்டு பாட்டி மூக்க பொத்துறாங்க, எனக்கே மனசு கஷ்டமா இருக்கு.

காஞ்ச எலக்கி பதிலா அட்டப்பெட்டிய கிழிச்சி போடலாமா? செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டைய நறுக்கி போட்டா மக்குமா, ரொம்ப நாளாகுமா? 2015 செப்டம்பர்லருந்து எங்க மாநிலத்துல குப்பைய பிரிச்சிதான் வைக்கணும், அட்ட, போத்தல் எல்லாம் தனியா வெச்சிடுறேன், இந்த சமையல்கட்டு கழிவுதான் பாக்கி. மீன் தலைய என்ன பண்றீங்கன்னும் சொல்லுங்க, தூக்கிப்போட மனசு வரல.