சாமியாக வணங்கப்படும் மலையையும் காட்டையும் வரைதல்: சில அனுபவங்கள்

திருவண்ணாமலையிலிருந்து:

நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரைபவன் நான். எங்கள் ஊரில் மலைமேல் கோயில் இருப்பதால் மலை புனிதமாகவில்லை. மலையே லிங்கம் என்றுதான் மக்கள் வணங்குகிறார்கள். ஓவியனுக்கு இது பெரிய கட்டுப்பாடு. வேறோர் ஊரில் குன்று சற்றுத் தாழ்வாக இருந்தால் அதை விரற்கடை உயர்த்தி, சரிவைக் கொஞ்சம் செங்குத்தாக்கி, படத்துக்கு எடுப்பைக் கொண்டுவந்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையை வலப்பக்கம் வைத்துப் பௌர்ணமிதோறும் நடப்பவர்களுக்கு, பாதையோரத்து எந்த லிங்கக் கோயிலின் அருகே நின்றால் மலை எப்படித் தெரியும் என்பது மனப்பாடம். குபேர லிங்கத்தைத் தாண்டிய பிறகு ஐந்து முகடுகள் தெரியும் இடத்தில் நான்கை வரைந்தால், பின்னால் நிற்பவர் எண்ணிச் சொல்லிவிடுவார்.

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு காலை நேரத்தில், அடிவாரக் குளத்தையும் பனைகளையும் முதன்மையாக வைத்து, மலையின் உச்சி தாளுக்கு வெளியே போகும்படி பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பூ விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்தார். “உச்சி எங்கய்யா? சாமிக்குத் தலையே வுட்டுட்டியே” என்றார். குளந்தான் படத்தின் பொருள், மலை அதற்குப் பின்னணி என்று விளக்கிப் பார்த்தேன். “அப்போ கொளத்தத் தனியா வரஞ்சுக்கோ, மலைய முழுசா வரஞ்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே இரண்டாக வரைந்தேன். மலை சுமாராகத்தான் வந்தது. குளம் நன்றாக அமைந்தது. மலையைப் பார்த்துக் கால் நீட்டி உட்காரக் கூடாது என்பதையும் இப்படி வழியில் போனவர்கள்தான் சொன்னார்கள். அன்றுமுதல் சிறிய மடக்கு முக்காலியைக் கையோடு கொண்டுபோகிறேன்.

இதைவிடக் கடினமான கேள்வி 2024 டிசம்பருக்குப் பிறகு வந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சரிவில் மண் சரிந்து, வீட்டோடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பின் நகரத்துப் பக்கமிருந்து மலையை வரைந்தபோது, செம்மண் தெரிய இறங்கியிருந்த அந்தச் சரிவை என்ன செய்வது என்று தெரியவில்லை. “சாமி மேல இருக்குற காயத்தப் படமாப் போடாதீங்க” என்றார் தேநீர்க்கடைக்காரர். அவர் பேச்சைத் தட்டுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் அந்தச் சரிவின் கீழே குடியிருக்கும் ஒருவரிடம் கேட்டபோது, வரைவதானால் வீடுகளோடு சேர்த்து வரையுங்கள், வழக்கமாகப் படம் போடுகிறவர்கள் எங்கள் வீடுகளை விட்டுவிட்டு வெறும் மலையை மட்டும் காட்டுகிறார்கள் என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. நாட்காட்டிப் படங்களில் அண்ணாமலையின் அடிவாரத்தில் ஒரு தகரக்கூரையைக்கூட நான் பார்த்ததில்லை. சரிவையும் கூரைகளையும் வரைந்தேன். அந்தப் படத்தை விற்பனைக்கு வைக்கவில்லை. தேநீர்க்கடைக்காரரிடம் காட்டவும் இல்லை.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து:

அய்யனார் கோயில்காடுகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வருகிறேன். காலணியைக் கழற்ற வேண்டும், குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது, பட்டு விழுந்த விறகையும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பவை வெளியூர்க்காரருக்கும் ஓரளவு தெரிந்தவை. காட்சியை மறைக்கும் கிளையை ஒதுக்கிக் கட்ட முடியாது. ஓவியர்தான் இடம் மாற வேண்டும். நான் எதிர்பார்க்காத கேள்வி தூரிகையைப் பற்றி வந்தது.

அந்தக் கோயிலில் பூசை செய்பவர் வேளார். அய்யனாருக்கு வைக்கும் புரவிகளை, அதாவது மண்குதிரைகளைச் செய்கிற குயவரும் அவரே. நான் பெட்டியைத் திறந்தபோது ஒரு தூரிகையை எடுத்து விரலால் நீவிப் பார்த்தவர், “இது என்ன முடி தம்பி?” என்று கேட்டார். எண்ணெய் வண்ணத்துக்கான நல்ல தூரிகைகள் பன்றி முடியால் ஆனவை என்று சொன்னேன். “அப்ப இத வெளிய வச்சுட்டு வாங்க. கருப்பருக்கு ஒண்ணுமில்ல, கெடா வெட்டு வாங்குறவரு. அய்யனாருக்கு ஆகாது” என்றார். ஒரே காட்டுக்குள் இரண்டு தெய்வங்களுக்கு இரண்டு வழக்கங்கள் இருப்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது காட்டுக்குள் நைலான் தூரிகைகளை மட்டுமே எடுத்துச் செல்கிறேன். தடித்த வண்ணத்தை அவை பன்றி முடி அளவுக்கு வாரித் தூக்குவதில்லை. மரப்பட்டையின் சொரசொரப்பைக் கொண்டுவரக் கத்தியால் அப்ப வேண்டியிருக்கிறது. அதனால் என் மரங்கள் முன்னைவிடக் கரடுமுரடாக வருகின்றன, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

ஊருணித் தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீர்வண்ணக்காரர்கள் தூரிகை கழுவுவதற்கு அருகிலிருக்கும் நீரை மொண்டுகொள்வதும், கழுவிய நீரை மர வேரில் ஊற்றிவிட்டு எழுவதும் சாதாரணமாக நடக்கிறது. ஊருணியில் கால் நனைப்பதற்கே ஊரார் சம்மதிக்கமாட்டார்கள். அசலான காட்மியம் மஞ்சளிலும் கோபால்ட் நீலத்திலும் இருப்பவை உலோகச் சேர்மங்கள் என்பதால், சாமி நம்பிக்கை இல்லாதவரும் இந்த விஷயத்தில் ஊராரோடு ஒத்துப்போகத்தான் வேண்டும். தண்ணீரை வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்து, அழுக்கு நீரை அதே கேனில் திரும்பக் கொண்டுபோவது ஒன்றும் பெரிய சுமையில்லை.

உடைந்து கிடக்கும் பழைய மண்குதிரைகளை வரைவதற்கு வேளார் தடை சொல்லவில்லை. புரவியெடுப்பு, அதாவது குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுவரும் விழா, முடிந்து வந்து சேர்ந்த குதிரை மழையிலும் வெயிலிலும் கரைந்து மண்ணாவது இயல்பு என்பது அவர் கருத்து. துண்டுகளை நகர்த்தி வைத்து அழகுபடுத்துவதைத்தான் அவர் பொறுக்கமாட்டார். அவருடைய தொழிற்கூடத்தில் நின்றிருந்த புதுக்குதிரையை வரைந்தபோது மட்டும், கண் திறப்புச் சடங்கு நடக்கும்வரை கருவிழியை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விழியில்லாமலே விட்டேன். அதை வாங்க வந்த சென்னைக்காரர், படம் முடியாதது போல இருக்கிறது, கண்ணை மட்டும் போட்டுத் தாருங்கள் என்றார். கொடுக்கவில்லை; அவரும் வாங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து:

மேலே இருவருக்கும் வாய்மொழியாகக் கிடைத்த கட்டுப்பாடுகள், இங்கே உலுரு பாறையில் அறிவிப்புப் பலகையாகவே நிற்கின்றன. 348 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை அப்பகுதியின் பழங்குடிகளான அனாங்கு மக்களுக்கு உரியது. 1985 அக்டோபர் 26 அன்று நிலவுரிமை அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 2019இல் அதே தேதியில் பாறைமேல் ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அடிவாரத்தைச் சுற்றி நடக்கும்போது சில குகைகளுக்கும் வெடிப்புகளுக்கும் அருகே, இங்கே படம் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். அந்த இடங்களில் பாறையின் ஒவ்வொரு வடிவமும் அனாங்கு மக்களுக்கு மறைநூல் போன்றது. அதற்கு உரியவர்கள் மட்டும், அந்த இடத்துக்கே வந்துதான் அதைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சில இடங்கள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும். கேமராவுக்குச் சொன்னது தூரிகைக்கும் பொருந்தும். விற்பதற்காக வரைவதானால் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதியும் பெற வேண்டும்.

இதைக் கேட்டவுடன், பொதுவில் கிடக்கும் பாறைக்கு அனுமதி எதற்கு என்று நம்மவர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கருவறைக்குள் கேமராவை எடுத்துப் போவீர்களா என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். அனாங்கு நண்பர் ஒருவர் என் ஓவியக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் நிறுத்தினார். கோணத்தால் ஒரு வெடிப்பின் ஓரம் படத்துக்குள் வந்திருந்தது. அவர் அதற்குக் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைச் சொல்லும் உரிமையே அவருக்கு இல்லாமலிருக்கலாம். அந்தத் தாளைப் பிரித்து அவரிடமே கொடுத்தேன்.

பாலைவன நிலத்தை நீர்வண்ணத்தில் எப்படி அணுகுவது என்று கேட்பவர்களுக்கு ஆல்பர்ட் நமட்ஜிராவின் (1902–1959) ஓவியங்களைப் பாருங்கள் என்பேன். அவர் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடிகளான அரெண்டே இனத்தவர். ஐரோப்பிய பாணியில் வரைந்தார் என்று நெடுங்காலம் குறைத்து மதிப்பிடப்பட்டவர். ஆனால் அவர் வரைந்த மலைத்தொடர்களும் வெள்ளைக் கிளை யூக்கலிப்டஸ்களும் அவருடைய முன்னோர் நிலம். அவர் தாளில் நிலம் எங்கும் மங்கலாக இல்லை. தொலைவிலிருக்கும் மடிப்புக்கூடக் கூர்மையாக இருக்கும். நான் வந்தேறி என்பதால் அந்தக் கூர்மையை உலுருவில் முயல்வதில்லை. சூரிய அஸ்தமனத்தைப் பார்க்க எல்லோரும் கூடுமிடத்திலிருந்து, தொலைவில் தெரியும் முழு உருவத்தையும் அதன்மேல் நிறம் மாறுவதையும் மட்டும் வரைகிறேன். அருகிலிருந்து ஒரு படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, பூங்காவுக்கு நேரில் போய்ச் சுற்றி நடந்து பாருங்கள் என்று பதில் எழுதிவிடுகிறேன்.