வீடு மாறும்போது மணலோடு தூக்கிச் செல்லும்படி கடல் சாமந்திக்குத் தொட்டி அமைப்பது எப்படி?

அலைக்கரை:

வணக்கம். தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். 11 மாத ஒப்பந்தம். எப்படியும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாற வேண்டியதாகிவிடுகிறது. போன முறை மாறியபோது என் கடல் சாமந்தியை (பூ அல்ல, sea anemone என்னும் கடல் விலங்கு) நானே கொன்றுவிட்டேன். அதைச் சொல்லாமல் கேள்விக்கு வர முடியவில்லை.

அது ஹாடன் சாமந்தி. மணல்மேல் ஜமுக்காளம் விரித்தது போலப் படுத்திருக்கும், தொந்தரவு செய்தால் மணலுக்குள் இழுத்துக்கொள்ளும் வகை. நான்கடித் தொட்டியில் அடி முழுவதும் 12 சென்டிமீட்டர் மணல் போட்டிருந்தேன். அதன் பாதம், அதாவது ஒட்டிப் பிடிக்கும் அடித்தட்டு, மணலுக்கு அடியில் தொட்டியின் கண்ணாடியையே பிடித்திருந்தது. வாசலில் லாரி நிற்கிறது, ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள். மணலைக் கையால் தோண்டி, நகத்தால் பாதத்தை நெம்பினேன். கிழிந்துவிட்டது. அடிமணல் கறுத்துப்போயிருந்தது; கலங்கியதும் அழுகிய முட்டை நாற்றம். புது வீட்டில் ஆறாம் நாள் வாய் பிளந்து, உடல் கரையத் தொடங்கியது. அதோடு வாழ்ந்த செபே கோமாளி மீன் ஜோடி மட்டும் பிழைத்தது. சாமந்தி கிடந்த இடத்துக்கு மேலேயே அவை ஒரு வாரம் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒன்றரை ஆண்டு பொறுத்திருந்தேன். இப்போது 90 × 45 × 45 சென்டிமீட்டர் அளவில் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அடியில் மணலே இல்லை. கொளத்தூரில் ஒரு கடையில் விரித்தால் 20 சென்டிமீட்டர் அகலம் வரும் ஹாடன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன், 45 × 30 அளவில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள அக்ரிலிக் பெட்டி ஒன்றில் மணல் நிரப்பித் தொட்டிக்குள் இறக்கிவிடலாம் என்று எண்ணம். வீடு மாறும் நாளில் பெட்டியோடு தூக்கினால் போதும். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? பெட்டியில் துளை வேண்டுமா? எந்த மணல்? இம்முறை தவறு செய்ய எனக்கு மனமில்லை.

உப்புக்காற்று:

சகோதரி, தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன். உங்கள் யோசனை சரியானது. வீட்டைத்தான் நகர்த்த வேண்டும், விலங்கைத் தொடக்கூடாது. பாதம் எதைப் பிடித்திருக்கிறதோ அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் கிழிய வழியே இல்லை.

ஆனால் அளவு தவறு. 45 × 30 × 15 என்றால் 20 லிட்டர். நீர் ஊறிய மணல் லிட்டருக்குச் சுமார் 1.9 கிலோ. ஆக 38 கிலோ. இதை 45 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து, இரு கைகளும் கண்ணாடிக்குள் இருக்க, ஆடாமல் தூக்கிப் பாருங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: நீருக்குள் இருக்கும்வரை அது ஏறக்குறைய பாதி எடைதான் காட்டும். 'அட, எளிதாக வருகிறதே' என்று தோன்றும். விளிம்பு நீர்மட்டத்தைத் தாண்டியதும் முழு எடையும் கையில் விழும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெட்டி அந்த நொடியில்தான் நழுவி, தொட்டியின் அடிக்கண்ணாடி விரிசல் விட்டது.

30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி போன்ற பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்குங்கள். 15 சென்டிமீட்டர் மணல் போட்டால் பத்தரை லிட்டர், 20 கிலோ. ஓர் அரிசி மூட்டையை விடக் குறைவு. இரண்டு பேர் நிதானமாகத் தூக்கலாம். சாமந்தியின் தண்டும் பாதமும்தான் மணலுக்குள் இருக்க வேண்டும், விரிந்த தட்டு விளிம்புக்கு வெளியே வழிந்தாலும் கவலையில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று எண் இருக்கும் டப்பைத் தேர்ந்தெடுங்கள். இரும்புக் கைப்பிடி உள்ளது வேண்டாம், உப்புநீரில் துருப்பிடிக்கும்.

அடியில் துளை போடாதீர்கள். தூக்கும்போது மணலிலிருந்து நீர் வடிந்து, மணல் இறுகி, உள்ளே சுருண்டிருக்கும் உடலை நெரிக்கும். டப்பைத் தொட்டியின் அடியில் நேராக வைக்காமல், பிவிசி குழாய்த் துண்டுகள் மூன்றின் மேல் வையுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் அடியில் நைலான் பட்டையை நுழைத்துத் தூக்கலாம். அந்த இடைவெளியில் அழுக்கு சேரும். நீரோட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மணல் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிற்கட்டும். விளிம்பு உயர்ந்தால் உள்ளே நீர் தேங்கி, கழிவு அதன் மேலேயே படியும். ஆனால் தூக்கும் நாளில் சாமந்தியின் மேல் கொஞ்சமாவது நீர் நிற்க வேண்டுமே? அன்றைக்கு மட்டும், வளையக்கூடிய பிளாஸ்டிக் தகட்டை டப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தற்காலிகக் கரை கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

மணல்: கடையில் விற்கும் அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணல், ஒரு மில்லிமீட்டர் அளவுத் துகள். கடற்கரையிலிருந்து அள்ளி வராதீர்கள். எங்கள் பக்கத்துக் கரைகளில் கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்திருக்கும். இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம், எடையும் கூடும். பவளத் துண்டுகளைப் பொறுக்கிப் பொடிப்பதோ சட்டப்படி குற்றம். மணல் நடுவில், பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், மெருகிடாத சுட்ட மண் ஓட்டுத் துண்டு ஒன்றைப் புதைத்து வையுங்கள். பாதம் பெரும்பாலும் அதைத் தேடிப் பிடிக்கும்.

மணல்வாசி:

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் வைத்திருப்பது குழாய்ச் சாமந்தி. உண்மையான கடல் சாமந்தி இனமே அல்ல. அதற்குப் பாதத் தட்டு கிடையாது. தன் கொட்டும் செல்களின் இழைகளால் கம்பளி போன்ற உறையை நெய்து அதற்குள் வாழும். ஆகவே டப் தேவையில்லை. கீழ்முனை மூடிய பிவிசி குழாயில் மணல் நிரப்பி, உறையோடு உள்ளே இறக்கிவிட்டேன். குழாயோடு எடுத்துக்கொண்டு இரண்டு வீடு மாறிவிட்டேன். உடலுக்குள் வாழ்ந்து வெளிச்சத்தில் உணவு தயாரித்துத் தரும் நுண்பாசித் துணை அதற்கு இல்லாததால் வெளிச்சமும் முக்கியமில்லை, தீனிதான் முக்கியம். உங்கள் ஹாடனுக்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க நினைக்காதீர்கள்.

சாங்கிநடை:

சிங்கப்பூரில் இருக்கிறேன். சாங்கி கடற்கரையிலும் செக் ஜாவாவிலும் நீர் வற்றும் நேரத்தில் ஹாடன் சாமந்திகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீர் முழுவதும் இறங்கியபின் பாதி மணலுக்குள் ஒடுங்கி, ஈரமாக, மடிந்து கிடக்கும். அலை திரும்பியதும் விரியும். எனவே தூக்கும்போது சில நொடிகள் காற்றுப் பட்டால் பதறாதீர்கள். அதைக் கொல்வது காற்றல்ல, கிழிந்த பாதமும் கெட்ட நீரும்தான். வெறுங்கையால் தொடாதீர்கள், விரலில் ஒட்டிக்கொள்ளும், தோல் தடித்துவிடும்.

அலைக்கரை:

ஐயா, அண்ணன்மார்களே, நன்றி. 38 கிலோ என்று படித்ததும் கையில் இருந்த அக்ரிலிக் வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு சந்தேகங்கள். டப் விளிம்பைத் தாண்டி அது நடந்து போய்விட்டால்? அடிமணல் மறுபடியும் கறுத்தால்?

உப்புக்காற்று:

நடப்பது அதிருப்தியின் அடையாளம். வெளிச்சமோ நீரோட்டமோ பொருந்தவில்லை என்று பொருள். முதல் வாரம் பம்பின் வாயில் வலையோ பஞ்சோ கட்டிவிடுங்கள், நடந்துபோனால் அங்கேதான் சிக்கிச் சிதையும். டப்பைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். நகரும் மணல்படுகையின் முழுப் பயனே அதுதான். பிறர் விலங்கை நகர்த்தித் தவிப்பார்கள், நீங்கள் இடத்தையே நகர்த்தலாம்.

கறுப்பு: மணலின் ஆழத்தில் ஆக்சிஜன் தீரும்போது பாக்டீரியாக்கள் சல்பைடை உண்டாக்குகின்றன. கலக்காதவரை அது ஆழத்திலேயே அடங்கிக் கிடக்கும். நீங்கள் தோண்டியதால்தான் அன்று நீரில் கலந்தது. டப்பைத் தோண்டாமல் தூக்கினால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள், இல்லையென்றால் வழியில் கக்கி நீரைக் கெடுக்கும். இரவில் சுருங்கியபின் தூக்குங்கள். டப்போடு பெரிய தெர்மக்கோல் பெட்டிக்குள் இறக்கி, பழைய தொட்டி நீரையே ஊற்றி, பேட்டரி காற்று பம்ப் போடுங்கள். சித்திரை வெயிலில் பகலில் கிளம்பாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கிறார்கள், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் செபேயையே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் கடைக்கு வரும் சாமந்தி பெரும்பாலும் கடலிலிருந்து பிடுங்கப்பட்டது. 1828-இல் ஸ்காட்லாந்தில் டாலியல் என்பவர் பாறையிலிருந்து எடுத்த ஒரு சாமந்தி, அவர் இறந்தபின்னும் கண்ணாடி ஜாடியில் கை மாறிக் கை மாறி 1887 வரை வாழ்ந்தது. அது மணல் வகை அல்ல என்றாலும் சொல்கிறேன்: ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த இனம் நம்மை விட நீண்ட நாள் இருக்கக்கூடியது. விலங்கை வாங்கும் முன், வெறும் மணலோடு டப்பை ஒருமுறை தூக்கி ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

அலைக்கரை:

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம்: நீரும் மணலும் ஓட்டுத் துண்டும் சேர்ந்து 21 கிலோ. நானும் என் தம்பியும் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை பட்டை நழுவியது. இரண்டாம் முறை பட்டையைக் குறுக்கே இரண்டாகப் போட்டோம், அதன்பின் டப் சாயவே இல்லை. தகட்டுக் கரையும் நின்றது, கால் லிட்டர் நீர்தான் கசிந்தது.

அதன் பிறகுதான் சாமந்தியை வாங்கினேன். முதல் இரவு விளிம்பில் ஏறி நின்றது. டப்பை நீரோட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் காலை தண்டு முழுவதும் மணலுக்குள் இறங்கியிருந்தது. ஓட்டுத் துண்டைப் பிடித்திருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கவில்லை. நேற்று மாலை செபே ஜோடியில் பெரியது முதலில் வாலை மட்டும் உரசியது, பிறகு உடல் முழுவதையும் உள்ளே நுழைத்துக்கொண்டது. சிறியது இன்னும் வெளியேதான் நிற்கிறது. ஒப்பந்தம் தை மாதம் முடிகிறது. அன்று தூக்கியதும் இங்கே எழுதுகிறேன்.