கோழி தண்ணீர் குடிக்கவில்லை, குழாய் வழியாகக் கொடுக்கலாமா?

தன்லினில் இருந்து:
வணக்கம். எங்கள் நாட்டுப் பெட்டைக்கோழி ஒன்றரை கிலோ இருக்கும். நேற்றிலிருந்து தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்தே இருக்கிறது, தலை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. எச்சம் கொஞ்சமாக, பச்சையாகப் போகிறது. இங்கே பர்மாவில் தீஞ்சான் புத்தாண்டு விடுமுறை என்பதால் கால்நடை டாக்டர் கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் 14 நம்பர் மெல்லிய குழாயும் சிரிஞ்சும் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா ஆசையாக வளர்த்தது. யாராவது வழி சொல்லுங்கள்.

பெகு:
தங்கச்சி, அலகைத் திறந்து கஞ்சித்தண்ணியை ஊற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

மோல்மேன்:
அண்ணே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சோர்ந்த கோழிக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதிலேயே செத்துப்போகும்.

தங்கச்சி, முதலில் காலைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிழலில் வையுங்கள், சூடு வேண்டாம். அப்புறம் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே தீனி தங்கும் இரைப்பையைத் தடவுங்கள். பந்து மாதிரி நிறைந்திருந்தாலோ புளிப்பு வாடை வந்தாலோ குழாய் போடவே வேண்டாம்.

காலியாக இருந்தால் முதலில் தண்ணீர் மட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் கரையுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. கைக்கு இளஞ்சூடாக இருக்கட்டும்.

அலகு நுனியிலிருந்து இரைப்பை வரை குழாயை அளந்து அடையாளம் போடுங்கள். கோழியைத் துண்டில் சுற்றிக் கழுத்தை நேராக நீட்டுங்கள். நாக்கின் பின்முனையில் திறந்து மூடும் ஓட்டைதான் மூச்சுக்குழாயின் வாய். அதைத் தவிர்த்து, கோழியின் வலப்பக்கமாக, தொண்டையின் பின்பக்கம் வழியாக இறக்குங்கள். குழாய் நுனியை ஈரமாக்கினால் வழுக்கிக்கொண்டு போகும், தடுத்தால் அழுத்தக் கூடாது. உள்ளே போனதும் கழுத்தைத் தடவினால் இரண்டு குழாய் கைக்குத் தெரிய வேண்டும், ஒன்று மூச்சுக்குழாய், இன்னொன்று நீங்கள் விட்டது. ஒன்றுதான் தெரிகிறதென்றால் உடனே வெளியே எடுங்கள். இதில்தான் நிதானம் வேண்டும்.

முதல் தடவை 30 மில்லி போதும், மெதுவாகத் தள்ளுங்கள். வாயில் தண்ணீர் ஏறி வந்தால் நிறுத்திவிட்டுத் தலையை விட்டுவிடுங்கள், அதுவே உதறிக்கொள்ளும்.

தன்லினில் இருந்து:
அக்கா, கால் ஜில்லென்றுதான் இருந்தது. சூடு வைத்த பிறகு கொடுத்தேன். இரண்டு குழாயும் தெரிந்தது, 30 மில்லி இறங்கியது. கஞ்சி எப்போது கொடுக்கலாம்?

மோல்மேன்:
நல்லது தங்கச்சி. மூன்று நான்கு மணி நேரம் கழித்து இரைப்பையைத் தடவுங்கள். வடிந்திருந்தால் இன்னொரு தடவை ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அதுவும் வடிந்தால், கோழித்தீவனத்தை மாவாக அரைத்து ஊறவைத்து வடிகட்டி, தண்ணியாக ஆரம்பியுங்கள். பால் வேண்டாம். வடியவில்லையென்றால் மேலே கொடுக்காதீர்கள்.

பெகு:
இனி நானும் ஊற்ற மாட்டேன். தங்கச்சி, அதைத் தனியாக வையுங்கள். பச்சை எச்சம் பட்டினியாலும் வரும், வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயிலும் வரும். 2006-ல் மண்டலே பக்கம் பறவைக்காய்ச்சல் வந்த நாட்டில் இருக்கிறோம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மற்ற கோழிகளும் சாய ஆரம்பித்தால் விடுமுறை முடியும் வரை காத்திருக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். செத்ததை யாரும் அறுத்துச் சமைக்க வேண்டாம்.